ரசிகர் மன்றமும் நீதிமன்றமும்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: பிரபலங்கள் தவறு செய்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று. தபால் குவிந்துவிட்டது. பாதிப் பேருக்கு நடிகர்கள் மேல் கோபம், மீதிப் பேருக்கு என் மேல் கோபம். இரண்டு கட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் கல்லூரிக் காலம் முழுக்க ஒரு பாடகரின் குரலோடுதான் போனது. இப்போது அவர்மேல் பெண்கள் வரிசையாகப் புகார் சொல்கிறார்கள். அவர் பாட்டைக் கேட்டால் குற்ற உணர்ச்சி, கேட்காவிட்டால் என் இளமையையே யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்ய?

உங்கள் ஞாபகத்தில் இருக்கிற பாட்டுக்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டபோது உங்களுக்கு எதுவும் தெரியாது. இனிமேல் கேட்பதற்குத்தான் கணக்கு உண்டு. இசைத்தட்டு வாங்கிய காலத்தில் வாங்குவது வேறு, கேட்பது வேறு. இப்போது செயலியில் ஒவ்வொரு தடவை பாட்டு ஓடும்போதும் எண்ணிக்கை ஏறுகிறது, எண்ணிக்கைக்கு ஏற்பக் கம்பெனிக்கும் பாடகருக்கும் பணம் போகிறது. கேட்பதே வாங்குவதுதான் என்றாகிவிட்டது.

ஆர். கெல்லி என்ற அமெரிக்கப் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமிகளை நாசம் செய்கிறார் என்ற பேச்சு 1990-களிலேயே இருந்தது. 2008-ல் ஒரு வழக்கில் விடுதலையானார். பாட்டுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. 2018 மே மாதம் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி தன்னுடைய பரிந்துரைப் பட்டியல்களிலிருந்து அவரை எடுத்தது. இசையுலகத்திலிருந்து எதிர்ப்பு வந்ததும் ஒரு மாதம் ஆவதற்குள் அந்தக் கொள்கையையே சுருட்டி வைத்துவிட்டது. 2019 ஜனவரியில் பாதிக்கப்பட்ட பெண்கள் ஓர் ஆவணத் தொடரில் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குப் பிறகுதான் இசை நிறுவனம் அவரைக் கைகழுவியது. 2021-ல் குற்றம் நிரூபணமானது, 2022-ல் முப்பது ஆண்டு சிறை. புகார் சொன்னவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளம்பெண்கள். இத்தனை வருஷம் அவர்கள் குரல் யார் காதிலும் விழாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"நிரூபணம் ஆகவில்லையே" என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். நீதிபதிக்குத்தான் சந்தேகத்தின் பலனைக் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கும் கட்டாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர் ஒரு மனிதரை உள்ளே தள்ளப்போகிறார். நீங்கள் ஒரு பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகப்போகிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு உங்கள் மனசுக்குத் தோன்றுவது போதும். ஆனால் "இவன் குற்றவாளி" என்று ஊருக்குச் சொல்லக் கிளம்பினால் மனசு போதாது, ஆதாரம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். தவிர்க்கிறவரைப் பார்த்து "ஆதாரம் எங்கே" என்கிறோம், திட்டுகிறவரைப் பார்த்துக் கேட்பதில்லை.

கேள்வி: ஆஸ்கர் மேடையில் கிறிஸ் ராக்கை அறைந்த வில் ஸ்மித்துக்குப் பத்து வருஷத் தடை அதிகமா, குறைவா?

தடையைவிட அந்த ராத்திரிதான் எனக்குச் சுவாரசியம். 2022 மார்ச் 27. ஸ்மித்தின் மனைவியின் மொட்டைத் தலையை வைத்து ராக் ஒரு ஜோக் அடித்தார், உடனே ஸ்மித்திடமிருந்து ஓர் அறை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதே மேடையில் ஸ்மித்துக்குச் சிறந்த நடிகர் விருது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த அரங்கத்தில் இருந்த யாரும் அவரை வெளியே அழைத்துப் போகவில்லை. வெளியே இருந்தவர்கள் கத்தின பிறகு ஏப்ரல் 1-ல் அவரே ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியிலிருந்து விலகினார், 8-ம் தேதி தடை வந்தது. விழாக்களுக்கு வரக்கூடாது என்பதுதான் தடை. நடிக்கலாம், பரிந்துரைக்கப்படலாம், ஜெயிக்கவும் செய்யலாம். 2024-ல் அவர் படம் ஒன்று வசூலில் சக்கைப்போடு போட்டது. அதிகமா குறைவா என்று கன்னத்தில் வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: "மன்னிச்சிடுங்க"ன்னு சொல்லிட்டார்ல, அப்புறம் எதுக்கு இன்னும் தோண்டுறீங்க? உங்களை மாதிரி பத்திரிகைக்காரங்களுக்கு வேற வேலை இல்லையா?

இருக்கிறது. அந்த மன்னிப்பு அறிக்கைகளைப் பக்கத்தில் ஏற்றுவதுதான் அந்த வேலை. சினிமாப் பக்கத்தில் இருந்த வருஷங்களில் இது எனக்கு அத்துப்படி. பெரும்பாலும் சாயங்காலம், பக்கம் முடிகிற நேரம் பார்த்துத்தான் அறிக்கை வரும். விசாரித்து எழுத அவகாசம் இருக்கக்கூடாது அல்லவா? முதல் பத்தியில் தான் கஷ்டப்பட்டு மேலே வந்த கதை. இரண்டாவதில் ரசிகர்களின் அன்பு. மூன்றாவதில் "என் பேச்சு யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால்". நான்காவதில் அடுத்த படம் வெளியாகும் தேதி. அந்தத் தேதியை மட்டும் வெட்டிவிடுவேன். மறுநாள் பி.ஆர்.ஓ. போன் பண்ணிச் சண்டை போடுவார், தேதியைக் காணோம் என்று. மன்னிப்புப் பத்தியை நான் பாதியாகச் சுருக்கியிருந்தால்கூட அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

என்ன செய்தார் என்பது அந்த அறிக்கையில் இருக்காது. யாருக்குச் செய்தார் என்பது நிச்சயம் இருக்காது. திட்டு வாங்கியது ஓர் உதவி இயக்குநர் என்றால் மன்னிப்பு "என் உயிரினும் மேலான ரசிகர்களிடம்" கேட்கப்பட்டிருக்கும். ரசிகர்கள் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவார்கள். அவர்களுக்கு என்ன போச்சு? திட்டு வாங்கியவர் அடுத்த படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

ஒழுங்காக நடந்த ஒன்றையும் சொல்கிறேன், நான் குறை மட்டும் சொல்கிறவள் என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் கேப் டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பான்கிராஃப்ட் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்தது கேமராவில் சிக்கியது. தாளைக் கால்சட்டைக்குள் சொருகியதும் சேர்ந்தே சிக்கியது. முதலில் வெறும் ஒட்டுநாடா என்றார்கள், அப்புறம்தான் உண்மை வந்தது. கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் ஒரு வருஷத் தடை, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். ஸ்மித் சிட்னி விமான நிலையத்தில் குலுங்கிக் குலுங்கி அழுததுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அழுகையை விடுங்கள். என்ன தப்பு, யார் செய்தது, எவ்வளவு காலம் என்று அளந்து சொன்னார்கள் பாருங்கள், அதுதான் காரியம். அளந்து சொன்னதால்தான் அது ஒருநாள் முடிந்தது.

2019 ஜூனில் உலகக்கோப்பை ஆட்டம், ஓவல் மைதானம். எல்லைக்கோட்டருகே நின்ற ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் கேலி செய்து கத்துகிறார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த கோலி கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார்: கத்தாதீர்கள், கைதட்டுங்கள். தண்டனையை அனுபவித்து முடித்த ஆளை மறுபடி தண்டிக்க நாம் யார் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறகு கூட்டத்தின் சார்பில் ஸ்மித்திடம் வருத்தமும் தெரிவித்தார். இரண்டு மாதம் கழித்து பர்மிங்காமில் இங்கிலாந்து ரசிகர்கள் உப்புத்தாளை ஆட்டிக் காட்டியே கேலி செய்தார்கள். ஸ்மித் 144, 142 என்று இரண்டு சதம் அடித்துவிட்டுப் போனார்.

ஆக, தோண்டுவதை எப்போது நிறுத்துவது என்கிறீர்களா? அளந்து ஒரு தண்டனை கொடுத்து, அது முடிந்த அன்றைக்கு. உங்கள் அபிமான நடிகருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் பேச்சு முடியவில்லை.

கேள்வி: மக்கள் ஒருமுறை வெறுத்துவிட்டால் எவ்வளவு பெரிய கலைஞனும் அவ்வளவுதான் என்பதற்குத் தியாகராஜ பாகவதரே சாட்சி அல்லவா?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் வேறு கதை வருகிறது.

'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. அடுத்த மாதமே லட்சுமிகாந்தன் கொலை. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற பத்திரிகைக்காரர் அவர். பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945-ல் தண்டனை. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் இருவரும் விடுதலை. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளில் பாகவதர் எங்கே இருந்தார்? சிறையில். கொலை வழக்கில் உள்ளே இருந்த மனிதரின் படத்தை ஜனங்கள் காசு கொடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். நிரபராதி என்று வெளியே வந்த பிறகு எடுத்த படங்களைத்தான் பார்க்கவில்லை.

வெறுப்பு என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அந்த இடைவெளியில் படம் மாறிவிட்டது. பாட்டுக்காக ஓடிய படங்கள் போய் வசனத்துக்காக ஓடும் படங்கள் வர ஆரம்பித்தன. அதே வழக்கில் அதே சிறையிலிருந்து வெளியே வந்த கலைவாணர் மறுபடி நிமிர்ந்து நின்றார், நன்றாகவே நின்றார். ஜனங்கள் ஒழுக்கத் தீர்ப்பு எழுதினார்கள் என்றால் ஒருவருக்கு ஒரு தீர்ப்பு, மற்றவருக்கு இன்னொன்றா? பாகவதர் 1959-ல் காலமானார். ரசனை மாறினதுக்கு நாம் வைத்த பெயர் தண்டனை.

நிஜமாகவே ஒழித்துக்கட்டிய கதை வேண்டுமென்றால் ஹாலிவுட்டுக்குப் போங்கள். மௌனப்பட நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள். 1921-ல் அவர் கொடுத்த விருந்துக்கு வந்த நடிகை சில நாளில் இறந்துபோனார். மூன்று முறை வழக்கு நடந்தது. 1922 ஏப்ரலில் மூன்றாவது ஜூரி, விடுதலை செய்ததோடு நிற்காமல் "உங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று எழுதியே கொடுத்தது. ஆறாவது நாள் திரையுலகம் அவர் படங்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடையை அந்த வருஷக் கடைசியிலேயே விலக்கினார்கள், ஆனால் பழைய இடம் திரும்பவில்லை. வேறு பெயரில் படம் இயக்கிப் பிழைத்தார். பத்திரிகைகள் விற்ற விற்பனைக்கு அவர் தலை விலை. என் தொழிலைப் பற்றிப் பெருமையடிக்க முடியாத பக்கங்களில் இதுவும் ஒன்று.

கேள்வி: "அவர்களும் மனிதர்கள்தானே?"

ஆமாம். அவர்களிடம் அடி வாங்குகிற கார் டிரைவரும்தான்.

கேள்வி: மேடம், என் மகனுக்குப் பதினாறு வயது. ராத்திரி முழுக்க போனில் தன் ஹீரோவுக்காகச் சண்டை போடுகிறான். அந்த நடிகர்மேல் புகார் சொன்ன பெண்ணை அவன் திட்டியிருந்த வார்த்தைகளைப் படித்துவிட்டு எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீட்டில் அதிர்ந்து பேசாத பிள்ளை. அடிக்கவா, போனைப் பிடுங்கவா?

இரண்டும் வேண்டாம்மா. போனைப் பிடுங்கினால் அவன் ஹீரோவுக்காகத் தியாகம் செய்த வீரனாகிவிடுவான். அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

அவன் அந்த நடிகரை ஒரு தடவைகூட நேரில் பார்த்திருக்க மாட்டான், ஆனால் அவனுக்கு அவர் அண்ணன் மாதிரி. இது இந்தத் தலைமுறை வியாதி இல்லை. 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சியில் வருகிறவர் நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். நாளாக நாளாக அவரை நமக்குத் தெரியும் என்று ஆகிவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது மட்டும் மறந்துபோகிறது. அதனால் "அவர் தப்பு செய்தார்" என்று யாராவது சொன்னால் அவன் காதில் "உங்க அண்ணன் தப்பு செய்தான்" என்றுதான் விழுகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

அதோடு, அவன் பார்ப்பது முழு விஷயத்தையும் அல்ல. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், தன்னைக் கொடுமைக்காரர் என்று சொன்ன முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்ட்மேல் போட்ட அவதூறு வழக்கு 2022-ல் நேரடியாக ஒளிபரப்பானது. ஆறு வாரம் விசாரணை. உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். மீதிக் கோடிப்பேர் பார்த்தது அந்தப் பெண் அழும் சில விநாடித் துண்டு, கீழே சிரிப்பு பொம்மை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் லண்டனில் ஒரு பத்திரிகைமேல் டெப் போட்ட அவதூறு வழக்கில் அவர் தோற்றார். அமெரிக்காவில் ஜூரி பெரும்பாலும் அவர் பக்கம் சாய்ந்தது, ஒரு விஷயத்தில் ஹெர்ட்டுக்கும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரே தம்பதி, இரண்டு நீதிமன்றம், இரண்டு முடிவு. நாள்கணக்கில் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்டவர்களுக்கே இப்படியென்றால், துண்டு வீடியோ பார்க்கிறவனுக்கு எங்கிருந்து அவ்வளவு நிச்சயம் வருகிறது?

அவனிடம் நடிகரைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவான், ஜெயித்தும் விடுவான். அந்தப் பெண்ணுக்கு அவன் எழுதியதை அவன் வாயாலேயே உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக. அவனால் முதல் வரியைத் தாண்ட முடியாது. அழித்துவிட்டு வந்து தூங்கச் சொல்லுங்கள். மறுநாள் அவன் ஹீரோ படத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போனாலும் தப்பில்லை. ரசிப்பதில் ஒன்றும் பிரச்சினை இல்லை.

கேள்வி: ஆண் நட்சத்திரம் செய்தால் சேட்டை, பெண் நட்சத்திரம் செய்தால் கேவலம். இது எந்த ஊர் நியாயம்?

எல்லா ஊர் நியாயமும் இதுதான் போலிருக்கிறது. 2004 பிப்ரவரி 1, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் இடைவேளை நிகழ்ச்சி. பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக் இழுத்ததில் பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை கிழிந்து, ஒரு விநாடிக்கும் குறைவாக, மார்பு தெரிந்தது. ஒளிபரப்பிய சி.பி.எஸ்.ஸுக்கு 5,50,000 டாலர் அபராதம் (அதைப் பிறகு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது). ஒரு வாரத்தில் கிராமி விழா. இழுத்தவர் மேடையேறி விருது வாங்கினார். கிழிபட்டவரை அந்த விழாவில் காணோம். 2018-ல் அதே சூப்பர் பௌல் மேடைக்கு அவரை மறுபடி அழைத்தார்கள். எவரை என்று கேட்கிறீர்களா? இழுத்தவரைத்தான். அவர் ஜேனட்டிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2021-ல். பதினேழு வருஷம்.

ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மனுக்கு இன்னும் அதிகம் ஆனது. கணவர் இருக்கும்போதே இத்தாலிய இயக்குநர் ரோசலினியோடு உறவு, குழந்தை என்று 1950-ல் அமெரிக்க செனட்டிலேயே எழுந்து நின்று அவரைக் கண்டித்தார் ஒருவர். செனட்டுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லையா என்று தெரியவில்லை. 1972-ல் இன்னொரு செனட்டர் அதே சபையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பெர்க்மன் அதற்குள் இன்னோர் ஆஸ்கரே வாங்கிவிட்டார்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த இரண்டு கதையிலும் கூச்சல் காதைப் பிளந்தது. அந்தக் கூச்சலுக்கு ஏற்ற அளவில் யாருக்கு என்ன கெடுதல் நடந்தது என்று தேடினால் அகப்படுவதில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள், பிபிசி-யின் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி சாவில். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, தர்ம காரியம், சர் பட்டம் என்று வாழ்ந்து 2011-ல் இறந்தார், மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மறுவருஷம்தான் அவர் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளை என்ன செய்துகொண்டிருந்தார் என்பது வெளியே வந்தது. நூற்றுக்கணக்கான புகார்கள். அவர் உயிரோடு இருந்தவரை வெளியே பெரிய சத்தம் எதுவும் இல்லை. சத்தத்தை வைத்துக் குற்றத்தை எடைபோட நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார்.

கேள்வி: அப்படியானால் கத்தியும் பிரயோஜனமில்லை, கத்தாமலும் பிரயோஜனமில்லை. எதுதான் நடக்கும் என்கிறீர்கள்?

கேரளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2017-ல் ஒரு நடிகை கடத்தப்பட்டு வன்முறைக்கு ஆளானார். சில பெண் கலைஞர்கள் சேர்ந்து ஓர் அமைப்பு ஆரம்பித்து அரசிடம் போய் நின்றார்கள். நீதிபதி ஹேமா தலைமையில் குழு போடப்பட்டது. படப்பிடிப்பில் கழிப்பறை இருக்கிறதா, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, ராத்திரி கதவைத் தட்டுவது யார் என்று கேட்டு எழுதினார்கள். 2019 கடைசியில் அறிக்கை போய்ச் சேர்ந்தது. சேர்ந்து, அலமாரியில் உட்கார்ந்தது. வெளியே வந்தது 2024 ஆகஸ்டில், அதுவும் பெயர்களையெல்லாம் மறைத்து. வந்த சில நாளில் நடிகர் சங்க நிர்வாகக் குழு மொத்தமாக ராஜினாமா.

நாம் கத்தியது அந்த ஆகஸ்டில் மட்டும். இடையில் நாலரை வருஷம் "அறிக்கை எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் பலருக்கு வாய்ப்புகள் குறைந்துபோயின. தலைப்புச் செய்தியாகாத அந்த நாலரை வருஷத்தில் அவர்கள் பக்கம் ஒரு பத்தாயிரம் பேர் நின்றிருந்தால், மாதத்துக்கு ஒரு கடிதமாவது போட்டிருந்தால், அலமாரி சீக்கிரம் திறந்திருக்கும். இதற்கு யாரையும் திட்ட வேண்டியதில்லை. திட்டாத காரியத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம்.

கேள்வி: எல்லாருக்கும் பதில் சொல்கிறீர்களே, நீங்கள் யாருடைய ரசிகை?

சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் அவர் எதையாவது செய்து தொலைத்தால் நீங்கள் அத்தனை பேரும் எனக்குத்தான் எழுதுவீர்கள்.